புதிய சிறு தொட்டியில் செர்ரி இறால் விடுவது: ஆற்று நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா?

வண்ணார்பேட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒன்றரை அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, அடியில் கழுவிய சரளை பரப்பி, ஜாவா பாசியும் இரண்டு கொத்து நீர்ச்செடியும் வைத்து, ஏர் பம்பால் இயங்கும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டர் பொருத்தி ஓட விட்டேன். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பியதால் ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் இருக்கும். மீன் வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. சிவப்புச் செர்ரி இறால் எனப்படும் சிறு நன்னீர் அலங்கார இறால்களை மட்டும் வளர்த்து, அவை பெருகுவதைப் பார்க்க வேண்டும் என்பதே விருப்பம்.

தண்ணீர் பளிங்குபோல் தெளிந்து விட்டதால் சென்ற ஞாயிற்றுக்கிழமை முதலில் ஆறு இறால்களை வாங்கி வந்தேன். கடையில் சொன்னபடி பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு திறந்து ஊற்றினேன். மூன்று நாட்களில் நான்கு இறந்து விட்டன. மீதி இரண்டும் பாசியை மேயாமல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரும் உண்டு, ஆழ்துளைக் கிணறும் உண்டு. தொட்டிக்கு ஆற்றுத் தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன். என்ன தவறு செய்தேன் என்று தெரிந்து கொள்ளாமல் இன்னோர் உயிரை அதில் விட எனக்கு மனம் இல்லை.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:

தம்பி, கடைசியாகச் சொன்னீர்களே, அந்த எண்ணம் உங்களுக்கு இருப்பதே பெரிது. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் பக்குவப்பட்டிருப்பதற்கும் தொடர்பே இல்லை. இறால் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகிய இலையும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு நஞ்சு. மூன்றாவதை ஓரளவு தாங்கும். இந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் பஞ்சிலும் சரளையிலும் போதிய அளவு குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதற்கும் மேலே, கண்ணாடியிலும் செடியிலும் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படர வேண்டும். இறால் நாள் முழுவதும் கையால் கிள்ளிக் கிள்ளித் தின்பது அதைத்தான். புதிய தொட்டியில் அந்தப் படலம் இருக்காது.

சில விவரங்கள் வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இருந்தால் அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (அமில, காரத் தன்மை), ஜி.எச். (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை), கே.எச். (பி.எச். மாறாமல் தாங்கும் கார்பனேட் அளவு) ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். வெப்பநிலை எவ்வளவு? தண்ணீரை எதில் பிடித்து, எவ்வளவு நேரம் வைத்திருந்து ஊற்றினீர்கள்? தொட்டி இருக்கும் அறையில் இரவில் கொசு மருந்து உண்டா?

வண்ணார்பேட்டை வாசி:

அண்ணாச்சி, உடனே பதில் எழுதியதற்கு நன்றி. நண்பர் ஒருவரிடம் கிட் வாங்கிப் பார்த்து விட்டேன். அம்மோனியா 0.5, நைட்ரைட் 1, பி.எச். 7.4, ஜி.எச். 3, கே.எச். 2. வெப்பநிலை 29 டிகிரி. குளோரின் போக வேண்டும் என்று படித்திருந்ததால் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றினேன். அம்மா குடிநீர் பிடித்து வைக்கும் செம்புக் குடங்களில்தான் வைத்திருந்தேன். அதுவே நல்ல தண்ணீர் என்று நினைத்தேன். வாரம் ஒரு முறை அதிலிருந்தே இரண்டு குடம் மாற்றினேன். அறையில் இரவு முழுவதும் கொசு விரட்டும் திரவ மருந்து எரியும். ஏர் பம்ப் அதற்கு அடுத்த பிளக்கில் இருக்கிறது.

பாளையங்கோட்டை டீச்சர்:

தம்பி, நான் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். வீட்டில் ஆறு ஆண்டுகளாக இறால் வளர்க்கிறேன். உங்கள் பதிலில் மூன்று காரணங்கள் தெரிகின்றன. மூன்றுமே தனித்தனியாகக் கொல்லக் கூடியவை.

முதலாவது செம்பு. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு கொண்ட ஹீமோகுளோபின். இறாலின் உடலில் அந்த வேலையைச் செய்வது செம்பு கொண்ட ஹீமோசயனின். எனவே இறாலுக்குச் செம்பு மிகச் சிறிய அளவில் தேவையானதே. ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அந்த அளவைச் சற்றுத் தாண்டினாலும் அதன் செவுள்கள் பாதிக்கப்பட்டு இறந்து போகும். மனிதருக்கு நன்மை என்று நாம் குடிக்கும் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் இறாலுக்கு ஆகாது. தாது உப்புக் குறைந்த மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை இன்னும் கூடும். கால்சியம் மிகுந்த நீர் அதை ஓரளவு தணிக்கும். உங்கள் ஜி.எச். 3 என்பது மென்னீர். பித்தளைக் குடமும் செம்பு கலந்ததுதான் என்பதால் அதையும் தவிர்த்து விடுங்கள். மீனுக்கான நோய் மருந்துகள் பலவற்றிலும் சில செடி உரங்களிலும் செம்பு உண்டு. எதை வாங்கினாலும் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கொசு மருந்து. அதில் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்டது. இறால், நண்டு எல்லாம் பூச்சிகளோடு ஒரே கணுக்காலிப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழாக ஊதுவதுதான் ஏர் பம்பின் வேலை. மருந்துக்கு அடுத்த பிளக்கில் பம்ப் ஓடினால், இரவெல்லாம் நாமே மருந்தைத் தொட்டிக்குள் செலுத்துகிறோம் என்று பொருள்.

மூன்றாவது, அண்ணாச்சி சொன்ன பக்குவப்படாத தண்ணீர். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இருக்கும் தொட்டியில் எந்த உயிரும் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அம்மோனியாவின் கேடு பி.எச். அளவையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆகி விட்டால் அது ஏழெட்டுப் பங்காக உயரும். நம் ஊர் வெயிலுக்கு இந்தக் கணக்கை மறக்கவே கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். இரண்டு இறால்களையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில், குளோரின் நீக்கிய தண்ணீரில், கைப்பிடிப் பாசியோடு மாற்றி வையுங்கள். வாளித் தண்ணீரில் நாள்தோறும் ஒரு சொம்பு அளவு மாற்றுங்கள். அந்தச் சொம்பும் எவர்சில்வராக இருக்கட்டும். தொட்டித் தண்ணீரை முழுவதும் இறைத்து விட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஃபில்டர் பஞ்சை உலர விடாதீர்கள், குழாயடியில் கழுவவும் செய்யாதீர்கள். மூன்று வாரத்தில் சேர்ந்திருக்கும் நுண்ணுயிரிகளாவது மிஞ்சட்டும்.

வள்ளியூர்த் தோட்டம்:

புதிதாக நிரப்புவதானால் ஆற்றுத் தண்ணீரே வேண்டாம் என்பேன். இறால் வளர வளர ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு போடும் உயிர். ஜி.எச். 3 உள்ள தண்ணீரில் ஓட்டுக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் எங்கிருந்து வரும்? எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் கிடையாது. தாது உப்புக்குக் குறைவே இல்லை. உள்ளபடியே ஊற்றினால் அளவுக்கு மிஞ்சிய கடினம்தான். அதனால் நான் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரோடு இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து மூன்று ஆண்டுகளாக வளர்க்கிறேன். நல்ல முறையில் பெருகியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் வரும். அதை நம்பி உயிர் வளர்க்க முடியாது.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:

வள்ளியூர்த் தம்பி சொல்வது அவர் கிணற்றுக்குச் சரி. ஆனால் ஒரு கிணறு இன்னொரு கிணற்றைப் போல இராது. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளினால் உப்பு மாறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து ஊற்று ஏறியபோது பார்த்த அளவு, சித்திரையில் நீர்மட்டம் இறங்கியபோது இருக்காது. வயல் சூழ்ந்த ஊர்களில் உரத்தின் நைட்ரேட் கிணற்றிலேயே இருக்கவும் கூடும். எனக்குப் பத்து ஆண்டுகளாக ஆற்றுத் தண்ணீர்தான். பொதிகையில் பிறந்து, பாறைமேல் ஓடிப் பாபநாசத்தில் இறங்கி வருகிற தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது. குளோரினுக்குப் பயந்து அதை ஒதுக்க வேண்டியதில்லை. வாய் அகன்ற பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுவதும் குமிழ் விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு போதும்.

கால்சியத்துக்கு நான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் விற்கும் கணவாய் ஓட்டை வாங்கி, நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்து, கட்டை விரல் அளவுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு வைக்கிறேன். அதோடு காய்ந்து பழுப்பாக உதிர்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று. இலையில் நுண்ணுயிர்ப் படலம் சீக்கிரம் பிடிக்கும். குஞ்சுகள் அதன் அடியிலேயே கிடக்கும். சாலையோர மரத்து இலையாக இல்லாமல், மருந்து அடிக்காத வீட்டு மரத்து இலையாகப் பார்த்து எடுங்கள்.

பாளையங்கோட்டை டீச்சர்:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. செர்ரி இறாலின் தாயகம் தைவானும் சீனத்தின் கிழக்குப் பகுதியும். பி.எச். 6.5 முதல் 8 வரை, ஜி.எச். 6 முதல் 12 வரை அது நன்றாகவே வாழும். கிறிஸ்டல் இறால்போல மென்மையான அமிலத் தண்ணீரைத்தான் கேட்கும் இனம் இது அல்ல. அதனால் தாதுக் குறையை ஈடு செய்த ஆற்று நீரிலும் வாழும், அளவாகக் கலந்த கிணற்று நீரிலும் வாழும். அதற்கு ஆகாதது மாற்றம். ஒரு வாரம் ஒரு தண்ணீரும் மறு வாரம் வேறொரு தண்ணீரும் ஊற்றினால், உடம்புக்கு வெளியே உப்பின் அளவு சட்டென்று மாறி, ஓடு கழற்ற வேண்டிய காலத்துக்கு முன்பே கழற்ற முயன்று, தலைக்கும் உடலுக்கும் இடையே வெள்ளை வளையம் போல ஓடு வெடித்து, வெளியே வர முடியாமல் இறந்து போகும். ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் உங்களால் எந்தத் தண்ணீரைக் கொடுக்க முடியுமோ, அதுவே உங்கள் இறாலுக்கு நல்ல தண்ணீர்.

கணவாய் ஓட்டைப் பற்றி ஒரு சொல், அண்ணாச்சி. பி.எச். 7-க்கு மேல் உள்ள தண்ணீரில் அது மிக மெதுவாகவே கரையும். உங்கள் தொட்டியில் வாதாம் இலை கிடப்பதால் பி.எச். சற்று இறங்கி, கொஞ்சம் கரைகிறது. மேலும் அது பெரும்பாலும் கால்சியமே. மக்னீசியம் சிறிதளவே இருக்கும். தம்பிக்கு வீட்டிலேயே ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே. அதன் ஜி.எச். அளவைப் பார்த்துச் சொன்னால், கலக்க வேண்டிய விகிதத்தைக் கணக்கிட்டு விடலாம்.

வண்ணார்பேட்டை வாசி:

டீச்சர், கிணற்றுத் தண்ணீரின் ஜி.எச். 22 வருகிறது. இறால்கள் வாளியில் உயிரோடு இருக்கின்றன. ஒன்று பாசியைக் கிள்ளத் தொடங்கி விட்டது.

பாளையங்கோட்டை டீச்சர்:

மகிழ்ச்சி. நான்கு பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் சேருங்கள். நான்கு மூன்று பன்னிரண்டு, அதோடு 22 சேர்த்தால் 34, ஐந்தால் வகுத்தால் ஏறத்தாழ 7. உங்கள் 35 லிட்டருக்கு 28 லிட்டர் ஆற்று நீரும் 7 லிட்டர் கிணற்று நீரும் ஆகும். கலந்த பின், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும் தண்ணீரும் அந்த எண்ணுக்கு அருகில் இருக்குமாறு கலந்தால் போதும். கோடையில் கிணறு மாறினாலும் மீட்டர் காட்டிக் கொடுத்து விடும்.

தொட்டி காலியாக ஓடும் நாட்களில் நுண்ணுயிரிகளுக்கு உணவு வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும்.

மேலப்பாளையம் மாணவன்:

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக் கொள்ளுங்கள். பாளையங்கால்வாயில் கண்ணாடிபோன்ற சிறு இறால்கள் திரிகின்றன. கடையில் வாங்காமல் அவற்றைப் பிடித்து விடலாமா?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:

வேண்டாம், தம்பி. அவற்றில் இரண்டு வகை கலந்திருக்கும். முன்கால்கள் நீண்டு இடுக்கியோடு இருந்தால் அது மேக்ரோபிராக்கியம் பேரினம். வளர்ந்தபின் சிறிய இறாலையும் உறங்கும் மீனையும் பிடித்துத் தின்னும். அந்தப் பேரினத்தில் பல இனங்களின் குஞ்சு, உப்புக் கலந்த கழிமுகத் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. இடுக்கி தெரியாமல் சிறு தூரிகை போன்ற கைகளோடு இருப்பவை அமைதியானவை. ஆனாலும் ஆற்றுத் தண்ணீரின் ஒட்டுண்ணியும் தட்டைப் புழுவும் தட்டான் குஞ்சும் கூடவே வந்து சேரும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் எந்த உயிரையும் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் செர்ரி இறாலை வாய்க்காலிலோ குளத்திலோ ஒருபோதும் விடாதீர்கள். ஜெர்மனியிலும் போலந்திலும் தொட்டியிலிருந்து தப்பிய இதே இறால், ஆலைகளின் வெந்நீர் சேரும் ஓடைகளில் நிலைபெற்று விட்டது. அங்கே குளிர் அதை மற்ற இடங்களுக்குப் பரவாமல் தடுக்கிறது. நம் ஆற்றில் அப்படித் தடுக்க ஒன்றும் இல்லை.

வண்ணார்பேட்டை வாசி:

ஐந்து வாரங்கள் ஆகி விட்டன. கொசு மருந்தை நிறுத்திச் சன்னலுக்கு வலை அடித்தேன். பம்பைக் கூடத்துக்கு மாற்றி நீளக் குழாய் விட்டேன். கடந்த பத்து நாட்களாக அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரிகிறது. வாளியில் இருந்த இரண்டில் ஒன்று பிழைத்தது. இப்போது புதிதாக எத்தனை வாங்கலாம், எப்படி விட வேண்டும்?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:

பத்து வாங்குங்கள். இருபது வேண்டாம், அவையே பெருகிக் கொள்ளும். பெரியவற்றைப் பார்த்து எடுக்காமல், ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய இளசுகளாக வாங்குங்கள். ஒன்றிரண்டு ஆண்டுதான் அதன் ஆயுள் என்பதால் முதிர்ந்தவை வந்த உடனே போய்விடும். இளசுகள் புதிய தண்ணீருக்கும் எளிதாகப் பழகும். எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். சிவப்பையும் மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து விட்டால், அவை கூடிச் சில தலைமுறைகளில் பழுப்பு நிறக் காட்டு இறாலாகத் திரும்பி விடும்.

விடும் முறைக்கு வருகிறேன். பையில் உள்ள தண்ணீரோடு இறால்களை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் சாய்த்து விட்டு, டப்பாவைத் தொட்டிக்குக் கீழே வையுங்கள். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கி, ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறு முனையை வாயால் இழுத்துத் தண்ணீர் வரவழைத்து, அதில் உள்ள உருளையைத் திருகி விநாடிக்கு இரண்டு சொட்டு விழும்படி வைத்து விடுங்கள். டப்பாவின் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை விட வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் அவசரப்பட்டுத் திருகைக் கூட்டாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்து, மறுநாள் காலையில் ஐந்தைப் பொறுக்கி எடுத்தேன். பிறகு சிறு வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, கடைத் தண்ணீரைக் கொட்டி விடுங்கள். அன்று விளக்குப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம்.

மறுநாள் தரையில் வெறும் கூடு ஒன்று கிடந்தால் இறந்து விட்டது என்று பதற வேண்டாம்; அது கழற்றிய ஓடு. எடுத்து எறியாமல் விட்டால் அதைத் தின்றே கால்சியத்தை மீட்டுக் கொள்ளும். இறந்த இறால் இளஞ்சிவப்பாக வெந்ததுபோல் இருக்கும். அதை மட்டும் உடனே எடுத்து விடுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் தீனி. வீட்டு முருங்கை இலையை வேக வைத்து இரண்டு ஈர்க்கு போட்டால் விரும்பித் தின்னும். சந்தையில் வாங்கும் கீரையை, பூச்சிமருந்து பயத்தால் நான் போடுவதே இல்லை.

வள்ளியூர்த் தோட்டம்:

கோடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறும். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் உயிர்வளி குறையும். மூடியைத் திறந்து, வலை போட்டு, நீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படி வைத்தால் தண்ணீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். எனவே குறைந்ததை ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணீரோ, முதல் மழையைக் கழித்துப் பிடித்த மழைநீரோதான் ஊற்ற வேண்டும். கலவைத் தண்ணீரை ஊற்றினால் கடினம் ஏறிக்கொண்டே போகும். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம்.

மழைக்காலத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் மின்சாரம் நாள் கணக்கில் இல்லாமல் போனபோது, பம்ப் நின்று ஃபில்டர் பஞ்சில் இருந்த நுண்ணுயிரிகளே மூச்சு முட்டிச் செத்து, மின்சாரம் வந்த பிறகு அந்த அழுகல் தொட்டியில் இறங்கி எனக்கு ஒரு தொட்டி முழுவதும் போயிற்று. பம்ப் அரை நாளுக்கு மேல் நின்றிருந்தால், மீண்டும் ஓட விடும் முன் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து, அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டி விடுங்கள்.

வண்ணார்பேட்டை வாசி:

அண்ணாச்சி சொன்னபடியே சொட்டு முறையில் இரண்டு மணி நேரம் எடுத்துக் கொண்டு பத்து இறால்களை விட்டேன். மூன்றாம் நாள் ஒன்று இறந்தது; பழைய இறாலோடு சேர்த்துப் பத்து இருக்கின்றன. அதன்பின் இரண்டு மாதங்களாக இழப்பு இல்லை. தண்ணீரை வாரத்துக்கு மூன்று லிட்டர் மட்டும், மீட்டரில் பார்த்து மாற்றுகிறேன். நேற்றுக் காலை வாதாம் இலைக்கு மேல், வாளியில் இருந்து பிழைத்த அந்தப் பெண் இறால் வயிற்றுக்கு அடியில் மஞ்சள் நிற முட்டைகளோடு நின்று, நீந்து கால்களால் விசிறிக் கொண்டே இருக்கிறது. இருபதுக்கு மேல் எண்ணினேன். தனியாகப் பிரித்து வைக்க வேண்டுமா, டீச்சர்?

பாளையங்கோட்டை டீச்சர்:

தொட வேண்டாம். வலை போட்டுப் பிடித்தால் பயத்தில் முட்டைகளை உதிர்த்து விடக் கூடும். மூன்று நான்கு வாரங்களில் பொரியும். இந்த இனத்துக்கு இடைப்பட்ட புழுப் பருவம் கிடையாது. அரிசி நொய்யிலும் சிறியதாக, தாயின் அச்சாகவே வெளியே வந்து அன்றைக்கே மேயத் தொடங்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்பதால் உறிஞ்சப்பட்டு விடும் என்ற பயமும் இல்லை. அதுவரை பஞ்சைக் கழுவாதீர்கள், இலையையும் எடுக்காதீர்கள்.